தொட்டானா என்பது முதல் கேள்வி அல்ல

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் வாங்கும் எஸ்.ஐ.களுக்கும் ஸ்டேஷன் ரைட்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இதை டி.ஜி.பி.க்கோ உள்துறைச் செயலாளருக்கோ எழுதியிருக்கலாம். எழுதினால் ஒரு சுற்றறிக்கை வரும், நிலையத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், அதோடு சரி. ஒரு பெண் வந்து "ஒருத்தன் பின்னாடியே வர்றான் சார்" என்று சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். அவள் சொல்வது குற்றமா இல்லையா என்று முதலில் தீர்மானிப்பவர் நீதிபதியும் இல்லை, அரசு வழக்கறிஞரும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பேனா பிடித்திருக்கும் உங்களில் ஒருவர்தான். ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் வழக்கறிஞர். புகார் கொடுக்கத் தயங்கும் பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையம் வருவது என் வேலையில் ஒரு பெரிய பகுதி. பின்தொடரும் ஆளைப் பற்றிய புகார் என்றால் உங்கள் பக்கத்திலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தொட்டானாம்மா? கையப் பிடிச்சு இழுத்தானா? அசிங்கமா ஏதாவது பேசினானா?" இல்லை என்று அவள் தலையாட்டினால் அடுத்தது தயாராக இருக்கும்: "அப்புறம் எதுக்கும்மா கேஸ்? ரோடு எல்லாருக்கும் பொதுதானே?"

இந்த இரண்டாவது கேள்வியை நான் கேலி செய்ய மாட்டேன். என்னிடம் வரும் பெண்களே அதைத்தான் கேட்கிறார்கள். "அவன் எதுவும் செய்யல மேடம். நான் போற பஸ்ல வர்றான், நான் நிக்கிற இடத்துல நிக்கிறான். அது சட்டப்படி தப்பா?" நியாயமான சந்தேகம். ரோடு பொதுதான், பஸ்ஸும் பொதுதான். டிக்கெட் எடுத்த எவரையும் ஏன் இந்த பஸ்ஸில் ஏறினாய் என்று கேட்க முடியாது. ஒரு தெருமுனையில் இரண்டு மணி நேரம் நிற்பவனைப் பிடித்து நிற்காதே என்று சொல்லவும் முடியாது. தனித்தனியாக எடுத்தால் அவன் செய்வது எல்லாமே சட்டத்துக்கு உட்பட்டது. புகார் கொடுக்க வருபவள் திணறுவதும் இங்கேதான்: அவளிடம் சொல்வதற்கு ஒரு 'சம்பவம்' இருக்காது. நாற்பது அற்பமான விஷயங்கள் இருக்கும்.

அந்த நாற்பதையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஒரு பிரிவு இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அமைந்தது, 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது, அதே ஆண்டு குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி அப்போதுதான் முளைத்தது. அதற்கு முன் பின்தொடர்தல் என்ற பெயரில் தனிக் குற்றமே அதில் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 78ஆம் பிரிவு. எண் மாறியது, சரக்கு அதேதான். ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து, தனக்கு விருப்பமில்லை என்று அவள் தெளிவாகக் காட்டிய பிறகும், தனிப்பட்ட பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளத் திரும்பத் திரும்ப அவளைத் தொடர்புகொண்டால் குற்றம். தொடர்புகொள்ள முயன்றாலே குற்றம். அவளுடைய இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ வேறு மின்னணுத் தொடர்பையோ கண்காணித்தாலும் குற்றம். முதல் முறை தண்டனை பெற்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். மறுமுறை என்றால் ஐந்து ஆண்டு வரை. பிடியாணை இல்லாமல் நீங்கள் கைது செய்யக்கூடிய குற்றம் இது.

இதில் தொடுவது எங்கே வருகிறது? வரவே இல்லை. தொட்டிருந்தால் அது 74ஆம் பிரிவு. மிரட்டியிருந்தால் 351. வழி மறித்து நிறுத்தியிருந்தால் 126. 78க்கான புகாரைக் கையில் வைத்துக்கொண்டு 74க்கான கேள்வியைக் கேட்டால் பதில் 'இல்லை' என்றுதான் வரும். அந்த 'இல்லை'யோடு அவள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

கேட்க வேண்டியவை வேறு. எப்போதிலிருந்து? எங்கெங்கே? பேச வந்தானா, நம்பர் கேட்டானா, யார் மூலமாவது சொல்லி அனுப்பினானா, சைகை காட்டினானா? வேண்டாம் என்பதை நீ எப்படிக் காட்டினாய்? அதற்குப் பிறகு என்ன செய்தான்? கடைசிக் கேள்விதான் உயிர். 'அதற்குப் பிறகு' என்ற ஒன்று இருந்தால் குற்றம் அங்கே முழுமையாகிறது.

ஒரு புகார் மனு உங்கள் மேசையில் என்னவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட விரும்புகிறேன். நான் உடன் போன ஒரு நிலையம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் கோடு போட்ட தாளில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் பஸ் ஏறும் இடத்தில் நிற்பான். நான் ஏறியதும் பின்படியில் ஏறுவான். நான் இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவான். பத்து நிமிடம் தள்ளி வரும் பஸ்ஸுக்கு மாறினேன், இரண்டு நாளில் அதிலும் இருந்தான். என் தோழியிடம் என் நம்பர் கேட்டான், அவளுக்கு இஷ்டமில்லை, விட்டுடு என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் வெவ்வேறு நம்பரிலிருந்து மிஸ்டு கால். எல்லாவற்றையும் பிளாக் செய்தேன். ஆபீஸ் வாசலில் வந்து நின்றான், வாட்ச்மேன் யார் என்று கேட்டதற்கு "என் ஆளு உள்ள வேலை பாக்குது" என்றானாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி போட்டிருந்தாள்.

ரைட்டர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இவ்வளவு நீளமா எல்லாம் வேணாம்மா, நான் சொல்றத எழுது" என்று வேறொரு தாளைக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியது இதுதான்: 'மேற்படி நபர் சில நாட்களாக என்னைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்து வருகிறார். அவரை அழைத்துக் கண்டித்து எனக்குப் பாதுகாப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை.'

அந்தத் தாளில் தேதி இல்லை. தோழி சொன்ன மறுப்பு இல்லை. பிளாக் செய்ததும் இல்லை, அதற்கப்புறமும் அவன் ஆபீஸ் வாசலுக்கு வந்ததும் இல்லை. 78ஆம் பிரிவுக்கு எவையெவை வேண்டுமோ, பொறுக்கி எடுத்ததுபோல் அவை மட்டும் காணாமல் போயிருந்தன. மேல் நடவடிக்கை தேவையில்லை என்ற கடைசி வரியை அவள் கேட்கவே இல்லை. அது உங்கள் மேசையிலேயே காலங்காலமாகப் புழங்கும் வரி. நான் குறுக்கிட்டு மூன்று பக்க மனுவையே கொடுக்க வைத்தேன். வழக்கறிஞர் கூட வராத பெண்ணுக்கு அந்தச் சின்னத் தாள்தான் மிஞ்சும்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பந்தோபஸ்து, சம்மன், நீதிமன்றம், இரவு ரோந்து, எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில்தான் நீங்கள் இந்த மனுவைப் பார்க்கிறீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் குற்றப்பத்திரிகை வரைக்கும் உங்கள் தலையில்தான் விழும். அப்புறம் அந்தப் பெண்ணின் அம்மாவே, "கேஸ் கீஸ் எல்லாம் வேணாம் சார், நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். பையனைக் கூப்பிட்டு நாலு அதட்டு அதட்டினால் முடிகிற விஷயத்துக்கு ஏன் கோர்ட்டு என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. சில பையன்கள் அந்த அதட்டலோடு நின்றும் விடுகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

நிற்காதவனைப் பற்றித்தான் பேச்சு. அவன் வருகிறான், சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான பதிவு மட்டும், எஃப்.ஐ.ஆர். அல்ல) போடுகிறீர்கள், 'இனிமேல் இந்தப் பெண்ணின் வழிக்குப் போகமாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புகிறீர்கள். இரண்டு மாதம் சும்மா இருக்கிறான். மறுபடி தொடங்குகிறான். மறுபடி புகார், மறுபடி எழுதி வாங்குகிறீர்கள், சில சமயம் வேறு எஸ்.ஐ., சில சமயம் வேறு நிலையம். இங்கே சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். பி.என்.எஸ். மூலத்தின்படி முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம், மறுமுறை ஜாமீன் மறுக்கக்கூடியது. 'மறுமுறை' என்பது முன்பே ஒரு தண்டனை இருந்தால்தான் வரும். வழக்கே பதிவாகாத இடத்தில் தண்டனை எங்கிருந்து வரும்? ஆக, ஐந்தாவது தடவை தொல்லை கொடுப்பவனும் சட்டத்தின் கண்ணில் முதல் தடவைக்காரனாகவே இருக்கிறான். பிரிவின் இரண்டாம் பாதியை நாம் எழுதி வாங்கி எழுதி வாங்கியே செல்லாததாக்கி வைத்திருக்கிறோம்.

2025 ஜனவரியில் நம் சட்டமன்றம் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதாக்களை நிறைவேற்றியது. செய்யட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் தண்டனை மூன்று ஆண்டா ஐந்து ஆண்டா என்று யோசித்துவிட்டு எவனும் பஸ் நிறுத்தத்துக்கு வருவதில்லை. ஸ்டேஷனுக்குப் போனால் எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவனுக்குத் தெரியும், அவன் நண்பர்களுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடிய ஒரு சட்ட வாதம் உண்டு, அது உண்மையிலேயே கனமானது. 78ஆம் பிரிவு 'பின்தொடர்ந்து, தொடர்புகொண்டால் அல்லது தொடர்புகொள்ள முயன்றால்' என்கிறது. அதாவது இரண்டும் சேர வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல், சைகை காட்டாமல், முப்பதடி தள்ளி தினமும் நடந்து மட்டும் வருகிறவன் இதற்குள் வருவானா? பிரிவை அப்படியே வாசித்தால் சந்தேகம்தான். நானே ஒரு பிரதிவாதிக்கு ஆஜரானால் அதைத்தான் முதலில் எழுப்புவேன். சட்டம் எழுதியவர்கள் விட்ட ஓட்டை இது.

ஆனால் ஓட்டை இருப்பதற்காகப் புகாரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 79ஆம் பிரிவு, பழைய 509, பெண்ணின் மானத்துக்கு இழிவு செய்யும் நோக்கத்தோடு அவளுடைய தனிமைக்குள் அத்துமீறுவதையும் குற்றமாக்குகிறது. நம் மாநிலத்துக்கென்றே 1998இல் ஒரு சட்டம் உண்டு. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி கேலித் தொல்லையில் உயிரிழந்தபின் அவசரச் சட்டமாக வந்தது அது, இன்றைக்குப் பெண்கள் மீதான தொல்லை தடுப்புச் சட்டம் என்ற பெயரில் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்கும் அநாகரிக நடத்தை என்பது அதன் வரையறை. பஸ் நிறுத்தம், சாலை, ரயில் நிலையம், கடற்கரை என்று இடங்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. பேசாமல் பின்னால் வருகிறவனுக்கும் அதில் இடம் உண்டு. தவிர, இந்த மௌனமான ஆளை நன்றாக விசாரித்தால் பெரும்பாலும் எங்கோ ஒரு ஃபாலோ ரிக்வெஸ்ட், ஒரு தெரியாத நம்பர், தோழியிடம் ஒரு விசாரிப்பு என்று ஏதாவது கிடைக்கும். முயற்சி என்பதும் குற்றத்தின் பகுதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

வந்திருப்பவள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பேச்சே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவு, பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்வதையும், கவனித்துக்கொண்டே இருப்பதையும், தொடர்புகொள்வதையும் தனித்தனியாகக் குற்றமாக வைத்திருக்கிறது. மூன்றில் ஒன்று போதும். 78இல் உள்ள ஓட்டை அதில் இல்லை. குழந்தை ஆணா பெண்ணா என்ற பேதமும் இல்லை. நோக்கம் எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். வழக்கு விசாரணையில் குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, இல்லை என்று காட்டுவது அவன் பாடு. இன்னொன்று, போக்சோ குற்றத்தைப் பதிவு செய்யாமல் விடுகிறவரும் அதே சட்டத்தில் தண்டனைக்கு உரியவர். பள்ளிச் சீருடையில் வந்து நிற்கிற பெண்ணிடம் "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லி அனுப்பும்போது, மாட்டிக்கொள்வது நீங்கள்.

பின்தொடர்வதால் என்ன குறைந்துவிட்டது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் ஒரு கொள்ளை வழக்கில் கைதாகி, ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் போலீஸ் அவருக்கு ஹிஸ்டரி ஷீட், அதாவது கண்காணிப்புக் கோப்பு, திறந்தது. ராத்திரியில் கதவைத் தட்டினார்கள், எங்கே போகிறார் என்று கண்காணித்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962இல் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீட்டுக்கு வருவது கூடாது, ஆனால் வெளியே நடமாடும்போது கண்காணிப்பதால் அவருடைய நடமாடும் உரிமை பாதிக்கப்படவில்லை என்றது பெரும்பான்மை. "ரோடு எல்லாருக்கும் பொதுதானே" என்பதன் நீதிமன்ற வடிவம். நீதிபதி சுப்பா ராவ் உடன்படவில்லை, நீதிபதி ஷாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். போலீஸ்காரரின் பார்வை மேலேயே படிந்திருக்க ஒருவன் நடப்பதை எப்படிச் சுதந்திரமான நடமாட்டம் என்பது, இந்த நாடு முழுவதுமே அவனுக்குச் சிறைதான் என்று சுப்பா ராவ் எழுதினார். ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து, 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த 1962 தீர்ப்பில் அந்தரங்க உரிமையை மறுத்த பகுதியைத் தள்ளிவைத்து, சுப்பா ராவ் பக்கம் நின்றது. தொடாமல், பேசாமல், சும்மா பார்த்துக்கொண்டு கூடவே வருவது ஒரு மனிதனை என்ன செய்யும் என்று அந்த நீதிபதி ஒரு கொள்ளை வழக்குக் கைதிக்காகச் சொன்னதைத்தான் தினமும் பஸ்ஸை மாற்றிக்கொண்டிருக்கிற பெண்ணும் உங்களிடம் சொல்கிறாள், அவள் பாஷையில்.

சட்டப்படி பின்தொடரலாம் என்ற நிலையும் உண்டு, அதையும் பிரிவே சொல்கிறது. குற்றத்தைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ அரசு பொறுப்பு கொடுத்தவர் பின்தொடரலாம். வேறொரு சட்டத்தின் கீழ் செய்யலாம். அந்தச் சூழ்நிலையில் நியாயமானது, தேவையானது என்றாலும் விலக்கு உண்டு. கவனியுங்கள், இவற்றை நிரூபிக்க வேண்டியவன் பின்தொடர்ந்தவன். புகார் கொடுத்தவள் அல்ல. கல்யாணத்துக்கு முன் விசாரிக்க ஆள் வைத்தோம் என்று சொல்லும் தனியார் துப்பறிவாளர்கள் இந்த மூன்றாவது விலக்கைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். அவர்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அது தனிக் கதை, இங்கே விடுகிறேன். நீதிமன்ற நோட்டீஸ் கொடுக்க வந்தவர், செய்திக்காக வந்த நிருபர், தற்செயலாக ஒரே தெருவில் குடியிருப்பவர், இவர்களையெல்லாம் யாரும் குற்றவாளி ஆக்கச் சொல்லவில்லை. தினமும் ஒரே ரயிலில் வருவது மட்டுமே குற்றமும் இல்லை. மறுப்புக்குப் பிறகும் தொடர்ந்தானா என்ற சல்லடை இருக்கும்வரை அப்பாவிகள் தானாகவே வெளியே வந்துவிடுவார்கள்.

இந்தப் பிரிவை வைத்து நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் எழுதியவள் ஆவேன். அப்பாவும் மாமாவும் சேர்ந்து வந்து "ஒரு பையன் எங்க பொண்ணு பின்னாடியே சுத்தறான்" என்பார்கள். பையன் வேறு சாதி. பெண்ணோ அவனைக் காதலிக்கிறாள், அவளை வீட்டில் பூட்டி வைத்திருப்பார்கள். இப்படி வரும் புகார்களில் சில நிலையங்கள் காட்டும் சுறுசுறுப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சட்டம் கேட்பது 'அந்தப் பெண்ணின்' விருப்பமின்மையை. அப்பாவின் விருப்பமின்மைக்கு 78இல் இடமே இல்லை. பெண் மேஜர் என்றால் அவளைத் தனியாக உட்காரவைத்து, வீட்டார் காதில் விழாத தூரத்தில் பேசுங்கள். இந்தப் பிரிவுகளில் பாதிக்கப்பட்ட பெண் தரும் தகவலைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆம் பிரிவு சொல்வதும் சும்மா இல்லை. 1992இலேயே சென்னை ஆயிரம் விளக்கில் தன் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்த மாநிலம் இது, ஆள் இல்லை என்ற சாக்கு நமக்கு அழகில்லை.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் சட்டம் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் தகவலில் தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று புதிய சட்டம் ஒரு வழி கொடுக்கிறதே என்பீர்கள். கொடுக்கிறது, டி.எஸ்.பி.யின் அனுமதியோடு, பதினான்கு நாளுக்குள். டைரியில் போட்டு ஆறு மாதம் ஊறவைக்க அதில் அனுமதி இல்லை. எல்லை எங்களுடையது இல்லை என்று அடுத்த நிலையத்துக்கு விரட்டவும் முடியாது. பின்தொடர்கிறவன் இரண்டு மூன்று நிலைய எல்லைகளைக் கடந்துதான் வருவான், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் பதிவு செய்யும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். இந்த மாதிரி வழக்குக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

2013 திருத்தத்தில் இன்னொரு வினோதமும் நடந்தது. தகவலைப் பதிவு செய்யாத அதிகாரிக்கே தண்டனை என்று 166ஏ கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் 509 இருந்தது, 354டி இல்லை. அதே நேரத்தில் பிறந்த பிரிவையே விட்டுவிட்டார்கள். ஏன் என்று எனக்குத் திருப்தியாக யாரும் விளக்கியதில்லை. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. இந்தக் குற்றத்தை லேசாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் காவல் நிலையத்தில் மட்டும் இல்லை, நாடாளுமன்றத்திலேயே தொடங்குகிறது என்று காட்டத்தான்.

லேசாக எடுத்ததன் விலை என்ன என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்றே சொல்கிறேன், நம் ஊர் உதாரணங்கள் உங்களுக்கே தெரியும். ஜப்பானில் சைத்தாமா மாகாணம், ஒக்கேகாவா ரயில் நிலையம், 1999. பின்தொடரப்பட்ட ஒரு கல்லூரி மாணவி நிலையத்துக்கு வெளியே குத்திக் கொல்லப்பட்டார். அவரும் குடும்பமும் முன்பே போலீசில் முறையாகப் புகார் கொடுத்திருந்தார்கள். அந்தப் புகார் ஆவணத்தையே காவலர்கள் திருத்தி, கனம் குறைந்த வெறும் தகவல் மனுவாக மாற்றியிருந்தது பின்னால் வெளியே வந்தது. சம்பந்தப்பட்ட காவலர்கள் வேலையை இழந்தார்கள், நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். மறு ஆண்டே அந்த நாட்டில் பின்தொடர்தலுக்குத் தனிச் சட்டம் வந்தது. அங்கே திருத்தியது சட்டவிரோதமாக. இங்கே 'நான் சொல்றத எழுதும்மா' என்று, சட்டவிரோதம் என்ற உணர்வே இல்லாமல்.

சரி, என்னதான் கேட்கிறேன்?

அவள் எழுதி வந்ததை அப்படியே வாங்குங்கள். மூன்று பக்கம் என்றால் மூன்று பக்கம். எழுதத் தெரியாதவள் என்றால், தேதி, இடம், மறுப்பு, மறுப்புக்குப் பிறகு நடந்தது, இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள். வாயால்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பிரிவில் எங்கும் இல்லை. பிளாக் செய்ததும், தோழி மூலம் சொன்னதும், பஸ்ஸை மாற்றியதும் மறுப்பின் அடையாளங்கள்தான், எழுதுங்கள். போன் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு விடாதீர்கள், மூல போனிலிருந்தே சான்றிதழோடு எடுத்துவைத்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். பஸ் நிறுத்தம், ஆபீஸ் வாசல் கேமராப் பதிவுகளை அன்றைக்கே கேளுங்கள், நீங்கள் விசாரணைக்குப் போகும் நாளில் அதன் மேல் வேறு பதிவு ஏறியிருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுங்கள், அது அவள் உரிமை. முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் அவன் சாயங்காலமே வெளியே வந்துவிடுவான். வருவதற்கு முன் அவளுக்கு ஒரு போன் செய்து சொல்லுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அந்த ஒரு நிமிடம் உங்களிடம் இருக்கும். அமைதிக்குப் பங்கம் வரும் என்று தோன்றினால், அமைதி காக்கப் பிணை எழுதி வாங்க முன்பு 107 என்று போடுவீர்களே, இப்போது பி.என்.எஸ்.எஸ். 126, அதையும் நகர்த்துங்கள். ஆனால் வழக்குக்குப் பதிலாக அல்ல, வழக்கோடு சேர்த்து.

எழுதி வாங்கும் வழக்கத்தை உடனே விடச் சொல்லவில்லை, சொன்னாலும் விடமாட்டீர்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். 'இந்தப் பெண்ணுக்கு என்னுடன் பழக விருப்பமில்லை என்பது எனக்குத் தெரிவிக்கப்பட்டது' என்ற வரியையும் அந்தக் கடிதத்தில் சேர்த்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், ஒரு நகலை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், மூலத்தை சி.எஸ்.ஆரோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை அவன் அவளுக்குப் பின்னால் வந்தால், "அவ வேணாம்னு சொல்லவே இல்ல சார்" என்று அவன் வாய் திறக்க முடியாது. அவனுடைய கையெழுத்திலேயே ஆதாரம் உங்கள் பீரோவில் இருக்கும். அன்றைக்கு இன்னொரு கடிதம் வாங்காமல், அந்தப் பழைய கடிதத்தை எஃப்.ஐ.ஆரோடு இணைத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிலையத்துக்கு அடிக்கடி வந்துபோகும் ஒரு வழக்கறிஞர்